போன வருடத்துக் கல்

ஹோல்மாட்டன்
15 செப்டம்பர் 1957, ஞாயிறு

மதிப்புக்குரிய ஹோட்டிங்கர் அம்மையாருக்கு,

உங்கள் விலா வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மாடுகளை மேலிருந்து இறக்கிவிட்டோம். மலைக் குடிலுக்கு மேலே இரண்டு முறை புதுப் பனி விழுந்துவிட்டது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருடங்களில் உங்களுக்கு எழுதியதெல்லாம் 'பாறை காய்ந்துவிட்டது, வரலாம்' என்கிற ஒற்றை வரி அட்டைகள்தான். மனைவி கிரெஸென்ஸியா எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்டாள். வின்டர்தூர் டீச்சருக்கு என்றேன். "அப்ப பிழையில்லாம எழுதுங்க, சிவப்பு மையில திருத்தி அனுப்பிடப் போறாங்க" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏறி இறங்கிக் கயிற்றை அவிழ்த்ததும் விருந்தாளி வழிகாட்டியின் புத்தகத்தில் நாலு வரி எழுதுவது வழக்கம். எழுதும்போது வழிகாட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் நான் குடில் வாசலில் நின்று காலணியைத் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்துதான் படித்தேன். 'ரோட்ஸான் தெற்கு முகடு, செப்டம்பர் 3. லாகரின் ஒவ்வொரு அடியும் உறுதி. ஏறியது முதல் இறங்கியது வரை கயிறு ஒரு கணம்கூட இறுகவில்லை. இவரை நம்பி யாரும் போகலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, கயிறு இறுகியது. என் எடையால் இறுகியது. உங்கள் உடம்பில் அதன் தழும்பு இன்னும் இருக்கும்.

இந்தப் பக்கத்தை நான் கிழிக்க முடியாது. பக்கங்களுக்கு எண் போட்டு அரசு முத்திரை குத்தியிருக்கிறார்கள். நானே திருத்தவும் முடியாது. வழிகாட்டி தன் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் உரிமம் போய்விடும். அதனால் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதியதற்குக் கீழேயே நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். புத்தகம் கையில் இல்லாமல் நான் யாரையும் கூட்டிப் போகக் கூடாது.

இப்படிக்கு,
தியோடுல் லாகர்


வின்டர்தூர்
21 செப்டம்பர் 1957

அன்புள்ள தியோடுல் அவர்களுக்கு,

புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் மேசையில், எட்டாம் வகுப்பு வடிவியல் தாள்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரெஸென்ஸியாவிடம் சொல்லுங்கள், மூன்றே பிழைகள்தான். சிவப்பு மையைத் தொடவில்லை.

நீங்கள் கேட்டதை எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் குடிலில், பாலாடைக்கட்டி சூப்பைக் குடித்துக்கொண்டே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "முகட்டுல நான் மேற்கால விழுந்தா நீ கிழக்கால குதி. யோசிக்காத. யோசிச்சா ரெண்டு பேரும் மேற்காலதான் போவோம்." ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வீர்கள். நானும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பேன். வழிகாட்டிகள் எல்லாரும் புதிதாக வருபவர்களைப் பயமுறுத்தச் சொல்லும் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாவது பாறைத் தூணைச் சுற்றிப் போகும்போது நீங்கள் எனக்கு நாலு அடி முன்னால் இருந்தீர்கள். கயிற்றின் சுருள் உங்கள் கையில் இருந்தது. இடது காலை மேற்குப் பக்கம் இறக்கினீர்கள். அடுத்த கணம் உங்கள் தொப்பி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் யோசித்ததாக நினைவில்லை. கணக்கு டீச்சராக இருபத்தாறு வருடம் யோசிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவள், அன்றைக்கு யோசிக்காமல் கிழக்கே குதித்தேன். முகட்டின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களுமாகத் தொங்கினோம். மூச்சு வரவில்லை. எனக்குக் கீழே பனியாறு மிகச் சின்னதாகத் தெரிந்தது. பிறகு நீங்கள் பிடி கண்டுபிடித்து ஏறி வந்து என்னை இழுத்தீர்கள். மேலே உட்கார்ந்ததும் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நல்லா குதிச்ச, ரெகுலா" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குடிலுக்கு மேலே எல்லாரும் நீ, வா, போ என்பதும் கீழே இறங்கியதும் மறுபடி 'அம்மா, நீங்கள்' என்பதும் உங்கள் ஊர் வழக்கம். கீழே வந்த பிறகு அதைப் பற்றிப் பேசாமலிருப்பதையும் அந்த வழக்கத்தில் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஒளிப்பானேன், எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஐம்பத்தோரு வயதில் முட்டி வலிக்காரி ஒருத்தி ஒரு ஆளைத் தாங்கியிருக்கிறேன். யாரிடமாவது சொல்ல நாக்குத் துடிக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். ஒரு கல் பெயர்ந்தது, அவ்வளவுதானே? அது எந்த வழிகாட்டிக்கும் நடக்கும். புத்தகம் முழுவதையும் படித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குறையும் யாரும் எழுதவில்லை. ஒரு கல்லுக்காக என் கையால் அதைக் கெடுக்க வேண்டுமா? பாவமன்னிப்பு வேண்டுமென்றால் உங்கள் ஊர்ப் பாதிரியாரிடம் போங்கள். எங்கள் சபையில் அந்த வசதி கிடையாது, என் பேனாவிலும் கிடையாது.

கோபம் ஆறட்டும். அடுத்த வாரம் புத்தகத்தை இருக்கிறபடியே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ரெகுலா ஹோட்டிங்கர்


ஹோல்மாட்டன்
26 செப்டம்பர் 1957

ஹோட்டிங்கர் அம்மையாருக்கு,

கல் பெயரவில்லை.

பெயர்ந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் விழுகிற கல் முந்நூறு மீட்டருக்கு உருண்டுகொண்டே போகும், பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். உங்களுக்கு ஏதாவது கேட்டதா? எனக்கும் கேட்கவில்லை.

அங்கே கல்லே இல்லை. மூன்றாவது தூணின் மேற்குப் பக்கத்தில் ரொட்டி அளவுக்கு ஒரு கல் துருத்திக்கொண்டு நிற்கும். என் இருபத்தைந்தாம் வயதிலிருந்து அதில்தான் இடது காலை வைத்து இறங்குவேன். போன குளிர்காலத்தில் பனி அதைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. கண் தெரிகிற யாரும் அங்கே கால் வைத்திருக்க மாட்டார்கள். நான் வைத்தேன். போன வருடத்துக் கல்லின் மேல் கால் வைத்தேன்.

ஜனவரியில் அணைக்கட்டுச் சுரங்கத்தில் வேலைக்குப் போயிருந்தபோது வெடித்த பாறையிலிருந்து ஒரு சில்லு இடது கண்ணில் பட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மங்கலான வெளிச்சம் மட்டும்தான். ஒரே கண்ணால் பார்த்தால் எது கிட்டே, எது தள்ளி என்று தெரிவதில்லை. சமதரையில் சமாளிக்கலாம். வீட்டில் நான் காபி ஊற்றினால் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறேன். பிப்ரவரியிலிருந்து கிரெஸென்ஸியாதான் ஊற்றுகிறாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்தக் கோடை முழுவதும் மலையை நினைவிலிருந்தே ஏறினேன். ஒவ்வொரு பிடியும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பார்க்கத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற வழிகாட்டிகள் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். புத்தகத்தை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் நான்கு நாள் விடுதியில் வைத்திருந்தேன், புது விருந்தாளிகள் படித்துப் பார்க்க எல்லாரும் வைப்பதுபோல. லோசானிலிருந்து வந்த ஒரு டாக்டர் உங்கள் பக்கத்தைப் படித்திருக்கிறார். அடுத்த ஜூலையில் தெற்கு முகட்டுக்குத் தன்னையும் மகளையும் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நான் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். ஜூலை பதினைந்து என்று அவர் குறித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கும் முதல் நாள் குடிலில் கிழக்கே குதி என்று சொல்வேன். அவளும் சிரிப்பாள்.

எழுதுங்கள். வசந்தத்தில் அரசு அதிகாரிகள் புத்தகங்களைச் சோதிக்கும்போது உங்கள் வரிகளைப் பார்த்தால் அவர்களே என் உரிமத்தை எடுத்துவிடுவார்கள்.

தியோடுல் லாகர்


வின்டர்தூர்
4 அக்டோபர் 1957

தியோடுல்,

ஒரு வாரம் உங்களுக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கிழித்தவற்றில் இருந்த வார்த்தைகளை வகுப்பில் யாராவது சொன்னால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

ஜனவரியிலிருந்து தெரியும். செப்டம்பரில் என்னைக் கயிற்றில் கட்டினீர்கள். என் இடுப்பில் முடிச்சுப் போடும்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒருவேளை வந்திருப்பேன், நான் அப்படிப்பட்ட முட்டாள்தான். ஆனால் அது என் முடிவாக இருந்திருக்கும். அதை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். உங்களைக் காப்பாற்றினேன் என்று மூன்று வாரம் மார் தட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பணயம் வைத்தது தெரியாமல், என் காலரைச் சரிசெய்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வலிக்கிறது, தியோடுல். விலாவைச் சொல்லவில்லை.

இப்போது என் பங்கு. உங்களுக்காகப் பொய் எழுதினேன் என்று போன கடிதத்தில் பெரிய மனுஷிபோல எழுதியிருந்தேன். முழுவதும் உண்மையில்லை. என் வயதில், என் முட்டியோடு, தெற்கு முகடு மாதிரி இடத்துக்கு என்னைக் கூட்டிப்போக வேறு எந்த வழிகாட்டி சம்மதிப்பான்? உங்கள் உரிமம் போனால் என் கோடை போகும். குடில் மேசையில் பேனாவை எடுத்தபோது அதுதான் மனதில் இருந்தது. அந்த வரிகளைப் படித்து யாரோ ஒரு டாக்டர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைக்கவே இல்லை. இப்போது மேல்வகுப்பில் அந்த வயதை ஒட்டிய பெண் யாரைப் பார்த்தாலும் பலகையில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிடுகிறது.

ஆகவே பொய்யை அடித்துவிட்டேன். இத்துடன் அனுப்பும் புத்தகத்தைப் பாருங்கள், என் நான்கு வரிகளுக்கும் குறுக்கே கோடு போட்டு, 'இது உண்மையல்ல. ரெ. ஹோ.' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்குக் கீழே உள்ள இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். காலி இடத்தின் அடியில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

நீங்கள் கேட்டது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் வாயால் சொல்ல முடியாததை என் கையால் எழுதச் சொல்கிறீர்கள். வசந்தத்தில் யாரோ படித்து, யாரோ உங்கள் வழிகாட்டி முத்திரைப் பதக்கத்தைப் பிடுங்கி, டீச்சர் இப்படிச் செய்துவிட்டாளே என்று நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு நான் வரவில்லை. அந்த டாக்டரிடம் சரி என்று சொன்னது உங்கள் வாய். இல்லை என்று சொல்ல வேண்டியதும் அதே வாய்தான்.

வழிகாட்டி தன் புத்தகத்தில் எழுதினால் உரிமம் போகும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எழுதுங்கள். நீங்கள் எழுதுவது எதுவானாலும் அது உண்மை என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுபடியும் உங்களை நம்பியிருக்கிறேன். இந்தத் தடவை தெரிந்தே.

ரெகுலா ஹோட்டிங்கர்


ஹோல்மாட்டன்
14 அக்டோபர் 1957

ஹோட்டிங்கர் அம்மையாருக்கு,

புத்தகம் புதன்கிழமை வந்தது. மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் கிரெஸென்ஸியா அதை எடுத்து என் முன்னால் வைத்து, மைக்கூட்டைத் திறந்துவைத்துவிட்டு, கோழிகளைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் எழுதிவிட்டேன். ஐந்து வரி. கண், கல், நீங்கள் குதித்தது. பிழைகள் இருக்கலாம்.

நேற்று பூசை முடிந்ததும் வழக்கம்போல வழிகாட்டிகள் எல்லாரும் கோயில் சுவரோரம் நின்றோம். மெடார்டுதான் எங்கள் தலைவன், உங்களுக்கும் தெரியும், கட்டை மீசைக்காரன். புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கையில் கொடுக்கும்போது அதுவும் ஒரு தபால் மாதிரிதான் என்று தோன்றியது. திரும்ப வாங்கி நானே சத்தமாகப் படித்தேன். பதினான்கு பேர் நின்றார்கள். லோசான் டாக்டருக்கு வரவேண்டாம் என்று எழுதிய கடிதத்தையும் படித்தேன். அதை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன்.

மெடார்டு, "தெரியும்டா தியோடுல்" என்றான்.

என்ன தெரியும் என்றேன்.

"ஈஸ்டர்லேர்ந்தே தெரியும். கயித்தைப் பிடிக்கப் போனா ரெண்டு தடவை துழாவுற. படி இறங்கும்போது காலால தடவிப் பாக்குற. எல்லாருக்கும் தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தோம். மனசு நோகுமேன்னு யாரும் கேக்கல."

சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தம்பி முறையான ஒருவன் மட்டும், மே மாதத்திலிருந்து எனக்குச் சுலபமான வழிகளையே ஒதுக்கிக்கொடுத்ததாக முணுமுணுத்தான். நீங்கள் தெற்கு முகடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார்களாம். டீச்சரம்மா கெட்டிக்காரி, பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார்களாம்.

நான் அவர்களைத் திட்டினேன். கோயில் வாசலில் சொல்லக் கூடாத வார்த்தைகள். பிறகுதான் உறைத்தது. அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். ஊர் முழுக்க என் மனசு நோகக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள், நானும் என் மனசு நோகக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். நீங்கள் ஒருத்தி பனியாற்றுக்கு மேலே தொங்கினீர்கள்.

முத்திரைப் பதக்கத்தைக் கழற்றி மெடார்டு கையில் வைத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்றான். சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று கடிதம் எழுதிவிட்டேன். எழுத்துப் பிழையைப் பற்றிக்கூட எழுதினேன். எழுத வேண்டிய முதல் விஷயத்தை எதிலும் எழுதவில்லை. உங்கள் இடுப்பில் முடிச்சுப் போட்டபோது என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள், ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள், சொல்லாமல் விட்டேன். அது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

தியோடுல்


வின்டர்தூர்
19 அக்டோபர் 1957

தியோடுல்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிழைகளை எண்ணவில்லை.

மெடார்டுக்கும் இன்றே எழுதிவிட்டேன். டாக்டருக்குக் குறித்திருந்த ஜூலை பதினைந்தாம் தேதி இப்போது காலியாகத்தானே இருக்கிறது? நான் வருகிறேன். முட்டி எப்படி இருக்கிறது, எந்தப் படியில் வலிக்கும் என்று எல்லாவற்றையும் அவருக்கு ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். தெற்கு முகடு வேண்டாம் என்றால் அவர் சொல்கிற வழியில் போவோம்.

மூன்று பேர் கயிறு. மெடார்டு முன்னால் போகட்டும். கடைசியில் நான் வருகிறேன். நீங்கள் நடுவில். முன்னாலும் பின்னாலும் பிடிக்க ஆள் தேவைப்படுகிறவரை எங்கே கட்டுவார்கள் என்று ஆறு வருடமாக என்னைக் கட்டிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், இன்னும் இல்லை. ஆனால் உங்கள் முடிச்சை இந்தத் தடவை நான் போடுகிறேன்.

ரெகுலா